நான்காம் கேமராவின் கடிகாரம்

ஓசூரில் சிப்காட்டுக்குப் போகும் சாலையில், ஒரு டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில், நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்து சுறா எண்ணுகிறார்கள் என்று வினோதா சொன்னபோது பேரிகையில் யாரும் நம்பவில்லை. மாமியார் ரங்கம்மா, "அதுக்கா சம்பளம் குடுக்கறாங்கோ?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, மருமகள் எதையோ மறைக்கிறாள் என்ற முடிவுக்கு வந்தார். கணவன் வெங்கட் மட்டும் நம்பினான். அந்த நிறுவனத்துக்கு வேன் ஓட்டுபவனே அவன்தான். பேரிகை, பாகலூர் பக்கத்து ஆட்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய் டயர் கடை வாசலில் இறக்கிவிடுவான். சாயங்காலம் திருப்பிக் கொண்டுவருவான்.

வேலை இதுதான். ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், ஏதோ ஒரு தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளில் ஆறு கேமராக்களை இரும்புச் சட்டத்தில் பூட்டி நிறுத்தியிருந்தது. விடிகிற நேரத்தில் ஒரு மணி, பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு மணி, அவை தாமாகவே படம் எடுக்கும். அந்தப் படங்களை ஐந்தைந்து நிமிடத் துண்டுகளாக வெட்டி, சீட்டுக்கட்டைப் போலக் கலைத்து ஓசூருக்கு அனுப்புவார்கள். ஒரே ஆள் தொடர்ச்சியாகப் பார்த்தால் கண் பழகிப்போய்ப் பிழை வரும் என்பதால் இந்தக் கலைப்பு. துண்டில் தெரிகிற ஒவ்வொரு மீனைச் சுற்றியும் கட்டம் போட்டு, பட்டியலிலிருந்து பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுறா வந்தால் எந்த நொடியில் வந்தது, எந்த நொடியில் போனது என்று குறிக்க வேண்டும். ஷிஃப்டுக்கு முப்பது துண்டு. எந்தக் கடல் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால், "அது கிளையண்ட் ரகசியம்" என்பார்கள்.

வினோதாவுக்கு முப்பத்திரண்டு வயது. கிருஷ்ணகிரியில் பெண்கள் கல்லூரியில் வேதியியலுக்கு விண்ணப்பித்து, அது கிடைக்காமல் விலங்கியல் கிடைத்துப் படித்தவள். படித்து முடித்ததும், அந்தப் பக்கத்துப் பெண்கள் பலரையும் போல, ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். லாரி பிரேக்குக்கான இரும்பு வார்ப்புகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, விரிசல் உள்ளதை ஒதுக்குகிற வேலை. ஆறு வருடம் பார்த்தாள். ஆறாம் வருடம் ஒன்றாக வார்த்த ஒரு முழு லாட்டில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு ஓடுவதைக் கண்டுபிடித்துச் சொன்னாள். சூப்பர்வைசர் விரலால் தடவிப் பார்த்து, "அது மோல்டு மார்க்கும்மா, அச்சுத் தடம்தான், விடு" என்று அனுப்பிவிட்டார். இரண்டு மாதம் கழித்து லாட் முழுவதும் திரும்பி வந்தது. விசாரணையில் அவளையும் நிற்க வைத்து, "பாத்தேன்னு சொல்றியே, அப்ப ஏன் அழுத்திச் சொல்லல?" என்று கேட்டார்கள். அன்றே அவள் அந்த வேலையை விட்டுவிட்டாள். அதற்குப் பிறகுதான் இந்த மீன் வேலை.

சேர்ந்த புதிதில் எல்லாத் துண்டும் ஒரே நீலமாக இருந்தது. மூன்றாவது மாதத்தில் கேமராவின் எண்ணைப் பார்க்காமலே அது எந்தக் கேமரா என்று சொல்ல முடிந்தது. ஒன்றாம் கேமராவுக்கு முன்னால் விசிறி போலப் பவளம். இரண்டாவது வெறும் மணல். நான்காவதுக்கு எதிரே ஒரு பெரிய கல்; அதன் அடியில் வரிசையாக ஏழெட்டுப் பொந்துகள். அங்கே பச்சையும் ஊதாவுமாக, கிளியின் மூக்கு மாதிரி வாய் வைத்த மீன்கள் நிறைய வரும்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த பூங்கொடிதான் அதற்குத் தமிழ்ப் பெயர் சொன்னாள். பூங்கொடிக்குத் தூத்துக்குடிப் பக்கம். கணவனுக்கு ஓசூரில் மோட்டார் கம்பெனி வேலை.

"இது கிளிமீன்லா. எங்க ஊர்ச் சந்தைல வரும். கொழம்பு வச்சா சதை மெதுவா இருக்கும்க்கா."

"உயிரோட பாத்திருக்கியா?"

"எங்கெ? தட்டுல பாத்தததான் சொல்லுதேன்."

சுறாக்களையும் வினோதாவுக்கு அடையாளம் தெரிய ஆரம்பித்தது. பட்டியலைப் பொறுத்தவரை எல்லாம் ஒரே இனம்தான். ஆனால் ஒன்றின் முதுகுத் துடுப்பில், கத்தரிக்கோலால் வெட்டியெடுத்தது போல ஒரு முக்கோண இடைவெளி இருந்தது. அது மூன்றாம் கேமராவில் வரும், நான்காவதிலும் வரும். எப்போதும் தரையை ஒட்டித் தாழ்வாக வந்து, கல்லுக்கு அருகில் வேகத்தைக் குறைக்கும். கிளிமீன்கள் பொந்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிற நேரமாகப் பார்த்துத்தான் வரும். கடைசியாக நுழைகிற மீனுக்காக அது காத்திருக்கிறது என்று வினோதாவுக்குத் தோன்றியது. அந்தத் துண்டு வந்தால் அவள் அவசரப்படமாட்டாள். முப்பது துண்டு முடியாத நாட்களெல்லாம் அந்தச் சுறா வந்த நாட்கள்தான்.

பிப்ரவரியில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால், நான்காம் கேமராவின் துண்டு ஒன்று வந்தது. கிளிமீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொந்துகளுக்குள் போயின. போனவை திரும்பி வரவில்லை. அவள் கட்டங்களைப் போட்டு முடித்துவிட்டுத்தான் படத்தின் மேல் ஓரத்தில் இருந்த நேரத்தைப் பார்த்தாள். காலை ஆறு பதினான்கு.

காலையில் யார் படுக்கப் போவார்கள்?

கல்லூரியில் படித்ததில் முக்கால்வாசி மறந்துபோயிருந்தது. ஆனாலும் கிளிமீன் பகலில் மேய்ந்து இரவில் பொந்துக்குள் தூங்குகிற மீன் என்பது நினைவிருந்தது. அடுத்த சில நாட்களில் அவள் வேறு வேலையே இல்லாதவள் போல நான்காம் கேமராவுக்காகக் காத்திருந்தாள். காலை என்று போட்ட துண்டுகளிலெல்லாம் மீன்கள் பொந்துக்குள் போயின. சாயங்காலம் என்று போட்ட துண்டுகளிலெல்லாம் மீன்கள் பொந்திலிருந்து சோம்பலாக வெளியே வந்தன. பொந்து தெரிகிற மற்ற கேமராக்களில் எல்லாம் நேராக இருந்தது: காலையில் வெளியே, மாலையில் உள்ளே.

நான்காம் கேமராவின் கடிகாரத்தில் யாரோ காலையையும் மாலையையும் மாற்றி வைத்துவிட்டார்கள். பன்னிரண்டு மணி நேரத் தவறு.

வெளிச்சத்தைப் பார்த்தே தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். முழு ஒரு மணி நேரத்தையும் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஐந்து நிமிடத் துண்டில், இருளையும் வெளிச்சத்தையும் தானே சரிசெய்துகொள்கிற கேமராவில், எதுவும் தெரியாது. மீனைப் பார்த்தால் மட்டும்தான் தெரியும். அங்கே எல்லோரும் மீனைச் சுற்றிக் கட்டம் போட்டார்கள். மீன் எங்கே போகிறது என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை.

அது உறுதியான அன்று மாலையே அவள் ஹரீஷ்குமாரிடம் போனாள். ஹரீஷ்குமார் டீம் லீட். அவளைவிட ஐந்து வயது சின்னவன். அத்திப்பள்ளியிலிருந்து பைக்கில் வருகிறவன். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் போய் ஆங்கிலத்தில் முடிப்பான். கெட்டவன் இல்லை. அவன் மேஜையில் எப்போதும் மூன்று போன்கள் ஒலித்துக்கொண்டிருக்கும்.

"சார், நாலாவது கேமராவுல டைம் தப்பா இருக்குது."

"டைம் நாம போடறது இல்ல மேடம். கிளையண்ட் போடறது."

"அவங்க போட்டதுதான் தப்புன்றேன். மீனு காலையில படுக்கப் போவுது சார்."

ஹரீஷ்குமார் போனிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான். கிண்டல் செய்கிறாளோ என்று ஒரு நொடி யோசித்தான். "மேடம், நம்ம ஸ்கோப் என்ன? கவுண்ட். மீனு படுக்குதா, எந்திரிக்குதான்றது சயின்டிஸ்ட் வேலை. அவங்க பிஎச்டி படிச்சவங்க. அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா மாத்தியிருப்பாங்களே."

"சரி, நான் பாக்கறேன்" என்றான். பார்க்கமாட்டான் என்பது அவன் சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

ஒவ்வொரு துண்டுக்கும் கீழே குறிப்பு எழுத நாற்பது எழுத்துக்கு ஒரு சிறிய இடம் உண்டு. தண்ணீர் கலங்கல், கேமரா ஆட்டம் என்று எழுதுவதற்கானது. வினோதா அதில், நான்காம் கேமரா துண்டு ஒவ்வொன்றுக்கும், 'நேரம் சந்தேகம்' என்று எழுத ஆரம்பித்தாள். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு மைசூரில் இருந்தது. அங்கே யாரோ ஒருவர், முகம் தெரியாதவர், அந்தக் குறிப்புகள் ஒவ்வொன்றையும் 'தேவையற்ற பதிவு' என்று பிழைக் கணக்கில் சேர்த்துக்கொண்டே வந்தார். தொண்ணூற்றெட்டில் இருந்த அவளுடைய துல்லிய மதிப்பெண் மார்ச் மாதம் தொண்ணூற்றொன்றுக்கு இறங்கியது. தொண்ணூற்று மூன்றுக்குக் கீழே போனால் மறுபயிற்சி.

மறுபயிற்சி அறையில் அன்றைக்குத்தான் சேர்ந்த எட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களோடு அவளும் உட்கார்ந்தாள். பயிற்சி தருபவர் திரையில் ஒரு படத்தைக் காட்டி, "இது என்ன மீன்? யாராவது கெஸ் பண்ணுங்க" என்றார். இரண்டு வருடமாகத் தினமும் பார்க்கிற மீன். இரண்டு நாள் வினோதா அங்கே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் வேனில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் வெங்கட்டிடம், "எனக்கு மீனு எதுன்னு சொல்லிக் குடுக்கறாங்க" என்று மட்டும் சொன்னாள். பின்னால் இருந்தவர்கள் கேட்டுவிடக் கூடாதென்று வெங்கட் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான்.

பாகலூர் தாண்டிய பிறகு, கடைசி ஆளும் இறங்கியதும், "விட்டுடேன். மீனுதானே?" என்றான்.

"மீனுக்காகவா சொல்றேன்? ரெண்டு கண்ணால பாத்தத இல்லைன்றாங்களே."

"நீ பாத்தது நிஜம்தான்னு எப்படிக் காட்டுவ?"

அந்தக் கேள்வி அவளுக்கு உறைத்தது. ஹரீஷ்குமாரும் கேட்காத கேள்வி. மீன் தூங்கப் போகிறது என்றால் சிரிக்கிறார்கள். எண்ணாகக் காட்டினால் சிரிக்க முடியாது.

அவளுக்கு அந்தத் துடுப்பு வெட்டுப்பட்ட சுறா நினைவுக்கு வந்தது. மூன்றாம் கேமராவும் நான்காவதும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் அந்தச் சுறா இரண்டிலும் வருகிறது. மூன்றாவதில் அது மாலை ஆறு பத்துக்கு வந்த நாளில் நான்காவதில் எப்போது வந்தது என்று பார்த்தால் போதும்.

ஆனால் அந்த மாடியில் போன் கொண்டுபோகக் கூடாது. காகிதமும் பேனாவும் கூடாது. வாசலில் பாதுகாவலர் கங்கப்பன் பையைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார். வெளியே போகும்போதும் பார்ப்பார். வினோதா தேதியையும் நேரத்தையும் மனப்பாடம் செய்துகொண்டு, இடைவேளையில் கீழே இறங்கி, வாசலோரம் நின்ற வேனில் வைத்திருந்த நோட்டில் எழுதினாள். இரண்டுக்கு மேல் நினைவில் நிற்கவில்லை. ஒரு நாள் நான்கு எண்கள் கிடைத்தன. அவசரத்தில், பயிற்சி அறையில் மறந்து வைத்திருந்த பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

கங்கப்பன் கையைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது?"

"சும்மா நம்பருங்க."

"எழுதினது எதுவும் வெளிய போகக் கூடாதும்மா. என்னை வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க. போயி கை கழுவிட்டு வந்துடு."

கழுவிக்கொண்டு வந்தாள். சோப்புப் போட்டுக் கழுவினாளா என்று கையைத் திருப்பிப் பார்த்துத்தான் அனுப்பினார். படியிறங்குவதற்குள் நான்கில் மூன்று மறந்துபோயிற்று. தரைத்தளத்தில் டயர் கடைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் ஓங்கி ஒரு குத்துக் குத்தலாம் போல இருந்தது அவளுக்கு.

ஆனாலும் ஏப்ரல் கடைசிக்குள் பதினொரு ஜோடி சேர்ந்துவிட்டது. மூன்றாம் கேமராவில் மாலை ஆறு பத்து; நான்காவதில் காலை ஆறு பதினான்கு. ஆறு இருபத்திரண்டு, ஆறு இருபத்தாறு. ஐந்து ஐம்பது, ஐந்து ஐம்பத்தைந்து. பதினொன்றிலும், பன்னிரண்டு மணி நேரத்தைக் கழித்துவிட்டால், நான்கு நிமிடமோ ஐந்து நிமிடமோதான் வித்தியாசம். ஒரு கேமராவைத் தாண்டி அடுத்ததற்கு நீந்திப் போக அந்தச் சுறாவுக்கு ஆகிற நேரம் அது.

நோட்டை ஹரீஷ்குமாரிடம் காட்ட முடியாது. எழுதியதே குற்றம். அதனால் வாயால் சொன்னாள். அவன் இந்தமுறை முழுவதும் கேட்டான். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினான்.

"மேடம், நீங்க சொல்றது கரெக்ட்னே வைங்க. ரெண்டு வருஷ டேட்டா டெலிவர் ஆயிடுச்சு. நாம இப்பப் போயி, உங்க கேமரா தப்புன்னு சொன்னா, அவங்க என்ன கேப்பாங்க? ரெண்டு வருஷமா என்ன பாத்துட்டு இருந்தீங்கன்னு கேப்பாங்க. அடுத்த ப்ராஜெக்ட் ஜூன்ல சைன் ஆகணும். அதுவரைக்கும் ப்ளீஸ்."

"ஜூன்ல சொல்வீங்களா?"

போன் அடித்தது, எடுத்துக்கொண்டான்.

மே மாதம் இரண்டாம் வாரம் கிளையண்டோடு வீடியோ கூட்டம் வைத்தார்கள். பெரிய திரையில் அந்த விஞ்ஞானி வந்தார். பெயர் மாரியன், நரைத்த முடி, வெயிலில் தோல் உரிந்த மூக்கு. பத்து நிமிடம் வரைபடங்களைக் காட்டிப் பேசினார். மாலையில்தான் சுறா வரும் என்று எதிர்பார்த்ததாகவும், ஆனால் ஒரு இடத்தில் மட்டும் காலையில் வேட்டை நடப்பது பெரிய ஆச்சரியம் என்றும் சொன்னார். அந்த ஓர் இடத்தைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினார். இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதிக்கொண்டிருக்கிறார்களாம்.

அது நான்காம் கேமரா என்று வினோதாவுக்குத் தெரிந்தது. கையைத் தூக்கினாள். ஹரீஷ்குமார் பார்த்தான், பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டான். எழுந்து நின்று, "மேடம், அது தப்பு" என்று தமிழிலேயே சொன்னாள். மைக் அணைத்து வைத்திருந்தது. திரையில் மாரியன் புன்னகையோடு பேசிக்கொண்டே போனார்.

பூங்கொடி அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். "உக்காருக்கா. எல்லாரும் பாக்காவ."

கூட்டத்துக்காக அவரவர் கணினியிலும் அரட்டைப் பெட்டி திறந்திருந்தது; எழுதுகிறவரின் பெயர் அதில் வராது, இருக்கை எண்தான் வரும். அதுவரை 'குட் மார்னிங்' தவிர யாரும் எதுவும் எழுதவில்லை. வினோதா தன் கணினியை இழுத்து, தெரிந்த ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம் தட்டினாள். நான்காம் கேமரா கடிகாரம் பன்னிரண்டு மணி நேரம் தவறு. உங்கள் காலை என்பது மாலை. கிளிமீன் பொந்துக்குள் போவதைப் பாருங்கள், துடுப்பு வெட்டுப்பட்ட சுறா மூன்றாம் கேமராவிலிருந்து வரும் நேரத்தைப் பாருங்கள்.

அனுப்பிவிட்டாள்.

மாரியன் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். கண் பக்கவாட்டில் போய் எதையோ படித்தது. புன்னகை அப்படியே நின்றுபோயிற்று. பிறகு, மெதுவாக, "இதை எழுதியது யார்?" என்று கேட்டார்.

ஹரீஷ்குமார் மைக்கைப் போட்டு, "எங்கள் குவாலிட்டி டீம்" என்றான்.

மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. அதற்குள் நடந்தது, வினோதாவை வேறு வேலைக்கு மாற்றியதுதான். சாலைக் கேமரா. ஜூஜுவாடிப் பக்கம் எல்லையைத் தாண்டுகிற லாரிகளை ஆறு சக்கரம், பத்துச் சக்கரம், பதினான்கு சக்கரம் என்று பிரிக்க வேண்டும். காலையில் வேனில் வரும்போது ஹைவேயில் பார்த்த நெரிசலையே மதியம் திரையில் பார்த்தாள். லாரிகளுக்குப் பழக்கவழக்கம் என்று எதுவும் இல்லை. வழி கிடைத்தால் போயின, கிடைக்காவிட்டால் நின்றன.

ஜூன் முதல் வாரம் கடிதம் வந்தது. ஹரீஷ்குமார் எல்லோரையும் நிற்க வைத்துப் படித்தான். நான்காம் கேமராவின் கடிகாரம் தவறு என்பது உறுதியாகிவிட்டது, கட்டுரையை நிறுத்திவிட்டார்கள், ஓசூர் அணியின் கூர்மையான கவனிப்புக்கு நன்றி. கைதட்டினார்கள். பூங்கொடி திரும்பி வினோதாவைப் பார்த்துச் சிரித்தாள். வினோதாவுக்கும் சிரிப்பு வந்தது. அரை நிமிடம்தான்.

ஹரீஷ்குமார் அடுத்த பத்தியைப் படித்தான். இனி கடிகாரத்தை மட்டும் நம்ப முடியாது என்பதால், ஆறு கேமராக்களிலும், இதுவரை முடித்த துண்டுகள் அனைத்திலும், மீன் எந்தத் திசையில் போகிறது என்பதைப் புதிதாகக் குறிக்க வேண்டும். அறுபதாயிரத்துக்கும் மேல் துண்டுகள். கெடு மாறாது. ஜூலை முடியும்வரை சனி, ஞாயிறு இரண்டிலும் வேலை, விடுப்புகள் ரத்து.

கைதட்டியவர்கள் மெல்ல உட்கார்ந்தார்கள். "யாரு கேட்டா இத?" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. பூங்கொடியின் முகம் மாறியிருந்தது. அந்த மாதக் கடைசியில் அவள் ஊரில் கோயில் கொடை, வருடத்துக்கொரு முறை வரும் திருவிழா. கல்யாணமாகி நான்கு வருடத்தில் ஒரு முறைகூடப் போகவில்லை. இந்த வருடம் பயணச்சீட்டு எடுத்து வைத்திருந்தாள்.

"நீ நல்லதுக்குத்தான் செஞ்சக்கா" என்றாள் சாப்பாட்டு நேரத்தில், டப்பாவைப் பார்த்துக்கொண்டே. "ஆனா எனக்கு ஒன்கிட்ட பேசப் பிடிக்கல. கொஞ்ச நாளைக்குப் பேசாத."

வினோதா அன்று முழுவதும் லாரிகளைப் பார்த்தாள். ஆறு சக்கரத்தைப் பத்து என்று நான்கு முறை போட்டாள். சரியாகச் சொன்னால் இப்படி, சொல்லாமல் இருந்தால் அப்படி. தொழிற்சாலையில் சொல்லிவிட்டு விட்டதற்குத் திட்டு. இங்கே விடாமல் சொன்னதற்கு நாற்பது பேரின் முறைப்பு. யார் மேல் கோபப்படுவது என்றே புரியவில்லை. கடிகாரத்தைத் தப்பாக வைத்த ஆள் எங்கேயோ தீவில் இருக்கிறான். அவனுக்கு இவர்களில் ஒருவரையும் தெரியாது.

மறுநாள் காலை வேனிலிருந்து இறங்கியதும் நேராக ஹரீஷ்குமாரிடம் போனாள்.

"என்னை மீனுக்கு மாத்துங்க சார். திசை பாக்கறது எப்படின்னு இங்க எனக்குத்தான் தெரியும்."

"அதுக்குத்தான் உங்களக் கூப்பிடலாம்னு இருந்தேன். ரெண்டு நாளு எல்லாருக்கும் ட்ரெயினிங் குடுங்க."

"குடுக்கறேன். பூங்கொடிக்கு அஞ்சு நாளு லீவு குடுங்க. அவ துண்டையும் நான் பாக்கறேன்."

"நூத்தம்பது கிளிப் மேடம். உங்களுதும் சேத்தா முன்னூறு."

"பாக்கறேன்னு சொல்றேன்ல."

அவன் யோசித்தான். "துல்லியம் குறைஞ்சா என்னைக் கேக்காதீங்க."

"என் துல்லியத்தப் பத்தி நீங்க பேசாதீங்க சார்" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். மூன்று போன்களும் அடித்துக்கொண்டிருந்தன. ஆனாலும் அவனுக்குக் கேட்டது.

எந்த அறையில் அவளுக்கு மீன் எதுவென்று சொல்லிக்கொடுத்தார்களோ அதே அறையில் அவள் நாற்பது பேருக்குக் கற்றுக்கொடுத்தாள். அதை ரசிக்கிற மனநிலை அவளுக்கு இல்லை. எதிரே இருந்தவர்கள் கோபத்தில் இருந்தார்கள். "பெட்டி போடறத விட்டுட்டு முதல்ல ஒரு நிமிஷம் சும்மா பாருங்க" என்று தொடங்கினாள். சும்மா பார்ப்பதற்கு நேரம் எங்கே என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு நிமிடம் பார்த்த பிறகு அவனே, "ஆமா, எல்லாம் ஒரே பக்கமா போவுது" என்றான். அடுத்த நாள் அவன் துண்டுகளில் ஒரு பிழையும் இல்லை.

பூங்கொடி ஊருக்குப் போனாள். போகிற அன்றுகூடப் பேசவில்லை. பேருந்து ஏறிய பிறகு 'கெளம்பிட்டேன்' என்று ஒரு செய்தி மட்டும் அனுப்பினாள். அந்த ஐந்து நாளும் வினோதா ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, எல்லோரும் போன பிறகு இன்னொரு வேனில் திரும்பினாள். கண் எரிந்தது, மூடினாலும் நீலமாகவே தெரிந்தது. மகள் ஹரிணி பள்ளியில் நடந்ததைச் சொல்லும்போது வினோதா பாதியில் தூங்கிப்போனாள். ரங்கம்மா அவளுக்குச் சோற்றை மூடி வைத்துவிட்டுப் போனார். முன்னூற்றுப் பதின்மூன்று துண்டு முடிந்தது.

கொடை முடிந்து வந்த பூங்கொடி, முதல் நாள் காலையில் நாற்காலியை நெருக்கிப் போட்டு உட்கார்ந்தாள். "சாமி பாத்தேன்க்கா" என்றாள். அவ்வளவுதான். பிறகு இருவரும் பழையபடி பேச ஆரம்பித்தார்கள்.

ஜூலை கடைசியில் வேலை முடிந்தது. புதிய எண்கள் வந்ததும் மாரியன் இன்னொரு கடிதம் எழுதினார். ஆறு கேமராக்களிலும் சுறா மாலையில்தான் வேட்டையாடுகிறது என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். கட்டுரை வரும்போது 'ஓசூரிலுள்ள தரவுக் குழுவுக்கு' நன்றி இருக்கும் என்றார். வினோதாவின் பெயர் அவருக்குத் தெரியாது. அவளிடம் அவர் முகவரி இல்லை. இருந்தாலும் எழுதக் கூடாது என்று ஒப்பந்தம்.

மார்ச் மாதத்து மதிப்பெண் மட்டும் அப்படியே நின்றது. தொண்ணூற்றொன்று. அவள் எழுதிய ஒவ்வொரு 'நேரம் சந்தேகம்' குறிப்பும் இன்னமும் பிழைக் கணக்கில் இருந்தது. அதை எடுக்கச் சொல்லி ஹரீஷ்குமாரிடம் கேட்டாள்.

"அந்தக் காலாண்டு க்ளோஸ் ஆயிடுச்சு மேடம். சிஸ்டம்ல லாக் பண்ணிட்டாங்க."

"நான் எழுதுனது சரின்னு அவங்களே சொல்லிட்டாங்களே."

"சரிதான். யாரு இல்லைன்னா? ஆனா எண்ட்ரி மாத்த முடியாது. மைசூருக்கு எழுதிப் பாருங்க."

எழுதினாள். பதில் இல்லை. அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் எழுதினாள். தேதிகளையும், துண்டு எண்களையும், விஞ்ஞானியின் கடிதத்திலிருந்த வரியையும் சேர்த்து. நான்காவது திங்கட்கிழமை ஒரு பதில் வந்தது: பரிசீலனையில் உள்ளது.

"இன்னும் எழுதப் போறியா?" என்று கேட்டான் வெங்கட். வேன் அத்திப்பள்ளிப் பக்கமிருந்து வந்த நெரிசலில் மாட்டி, முன்னேயும் போகாமல் பின்னேயும் போகாமல் நின்றுகொண்டிருந்தது. பின்சீட்டில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

"எடுக்கற வரைக்கும்."

"எடுக்கலன்னா?"

அதற்குள் முன்னால் நின்ற டேங்கர் லாரி நகர்ந்தது. வெங்கட் கியரைப் போட்டான். வினோதா நோட்டைத் திறந்து, வரப்போகிற திங்கட்கிழமைக்கான கடிதத்தில், போனமுறை விட்டுப்போன இரண்டு துண்டுகளின் எண்களை எழுதிக்கொண்டாள்.